பிரேக் அக்கா எழுதிய கணக்குப் பரீட்சை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில். இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலடியில். கல்யாணமான புதிதிலிருந்தே அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு பிழைத்தவளுக்கு வேறெந்தப் பெயரும் நிலைக்கவில்லை. ஊருக்கே அவள் பிரேக் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட, முதல் நாள் வண்டி ஒரு குதி குதித்து நின்றதும் தங்களை அறியாமல் "அக்கா" என்றுதான் அலறினார்கள். அப்புறம் அதை மாற்றிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

பயந்தவர்களைத் தேற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்க்கிறவர்களை, லாரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிறவர்களை எல்லாம் அவள் லைசென்ஸ் வாங்க வைத்திருக்கிறாள். ஆனால் அவளையே பயமுறுத்துகிற ஒன்று இருந்தது. கணக்கு. பள்ளியிறுதி வகுப்பில் மாநிலம் முழுவதற்கும் ஒரே கேள்வித்தாள் வைத்து நடத்தும் கணக்குத் தேர்வில் அவள் இரண்டு தடவை கோட்டை விட்டவள். மற்ற பாடமெல்லாம் தேறியும் அந்த ஒன்றால் பள்ளிப்படிப்பை முடித்த சான்றிதழ் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்குள் கல்யாணம், குழந்தை, வேலை என்று வாழ்க்கை நான்காவது கியரில் போய்விட்டது.

இந்த வருடம்தான் சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கும் துணிச்சல் வந்தது. உரிமம் கேட்டுப் போன இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் முதலில் கேட்டதே, "ஸ்கூல் முடிச்சிருக்கீங்களா?" என்பதுதான்.

வீட்டுக்கு வந்து, மகள் படிக்கும் பள்ளியையே தேர்வு மையமாகக் கொடுத்துத் தனித்தேர்வராகப் பதிந்துகொண்டாள். அவளுடைய ஒரே மகளுக்கும் அது பள்ளியின் கடைசி வருடம். சாயங்காலமானால் சமையலறை மேசையில் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே புத்தகத்தை இழுத்துப் பறித்துக்கொண்டு படிப்பார்கள். மகளுக்குப் பொறுமை குறைவு.

"அம்மா, எக்ஸ்னா என்னன்னு நீ திரும்பத் திரும்ப கேட்டா நான் என்ன சொல்றது? கண்டுபிடிக்கத்தான் கணக்கே."

"என்னன்னே தெரியாத ஒண்ண எப்படிடி ரெண்டால பெருக்குறது?"

இந்த நேரம் பார்த்து அவளுடைய கணவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வருவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் காலத்தில் அதே தேர்வில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வாங்கித் தேறியவர். ஐம்பதுதான் தேர்ச்சி மதிப்பெண் என்பதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஐம்பத்திரண்டை மட்டும் சொல்வார். குழாய் ஒழுகினால், கடையில் சில்லறை தப்பாகக் கொடுத்தால், மாமனார் வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது: "கணக்குல ஐம்பத்திரண்டு வாங்கினவன் நான்."

"வாங்கினத இன்னும் செலவு பண்ணி முடிக்கலையா நீங்க?" என்பாள் அவள்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அப்போது அவள் காரில், வட்டச்சாலையின் நடுவில் இருந்தாள். ஸ்டியரிங்கில் இருந்தவர் அவளுடைய மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை. ஆயிரம் பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிற அந்த அம்மாளுக்கு ஒரு காரை அடக்க வரவில்லை. ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்று, நான்காவது முறைக்காகப் பிரேக் அக்காவிடம் வந்து சேர்ந்திருந்தார். கல்வி வாரியம் அன்று ஏதோ முக்கியமான முடிவு எடுக்கிறது, ரேடியோவைப் போட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தார். மாணவர்கள் வண்டி ஓட்டும்போது ரேடியோ போடுவது பிரேக் அக்காவின் வழக்கமில்லை. தலைமையாசிரியை கேட்கிறாரே என்று போட்டாள்.

மாநிலக் கணக்குத் தேர்வில் தேறினால்தான் பள்ளிப்படிப்பு முடிந்ததாகக் கணக்கு என்ற விதி இன்றோடு நீக்கப்படுகிறது என்று செய்தி வாசிப்பவர் சொன்னார். வகுப்புகளை ஒழுங்காக முடித்தாலே போதும். முன்பு அந்தத் தேர்வில் மட்டும் தவறியவர்களுக்கும் இது பொருந்தும்.

தலைமையாசிரியை இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிரேக் அக்கா தன் பிரேக்கை மிதித்தாள். வண்டி வட்டச்சாலையின் உள்பாதையில் குறுக்காக நின்றது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

"அக்கா, நீங்க பாஸ்."

"மேடம், வண்டிய எடுங்க."

"ஸ்கூல் முடிச்சிட்டீங்க அக்கா. இப்ப, இந்த நிமிஷத்துல." தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துப் பாதையில் ஒரு வேன்காரன் கண்ணாடியை இறக்கி என்னவோ சொல்ல வந்தான். "இவங்க ஸ்கூல் பாஸ் பண்ணிட்டாங்க," என்று தலைமையாசிரியை அவனிடம் சொன்னார். அவன் ஒன்றும் புரியாமல், "வாழ்த்துகள்ங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் வீடு தலைகீழாகக் கிடந்தது. மகள் கணக்குப் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கூடத்தில் சுற்றிச்சுற்றி ஆடினாள். பிரேக் அக்காவையும் இழுத்து ஆட வைத்தாள். அவளும் ஆடினாள். சிரிப்பாகத்தான் இருந்தது. பயிற்சிப் பள்ளி உரிமத்துக்கும் இனித் தடை இல்லை. இத்தனை வருடம் கழுத்தில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனால் சிரிப்பு வராதா? கணவர் மட்டும் சோபாவில் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப என்னோட ஐம்பத்திரண்டு?" என்றார்.

"அது செல்லாதுப்பா. நோட்டு மாத்திட்டாங்க," என்றாள் மகள்.

ஆடி ஓய்ந்து இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தபோது, பிரேக் அக்காவின் கை பழக்கதோஷத்தில் பென்சிலைத் தேடியது. முக்கோணங்கள் பாடத்தில் பாதியில் நிறுத்தியிருந்தாள். சுவரில் சாய்த்த ஏணி எவ்வளவு நீளம் என்று முந்தின நாள்தான் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. யாரும் உதவாமல், தானே. அந்தச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. இனி அந்த ஏணியை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

அடுத்த வாரம் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்தபோது முகம் சரியில்லை. இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாக நுழைத்து நிறுத்தும் பாடம் அன்று. கியரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, ஒரு உதவி. பரீட்சைக்குப் பதிஞ்ச எல்லாரும் பேர திரும்ப வாங்கிட்டாங்க. ஒரு பேரு மட்டும் இருக்கு."

"யாரு மேடம் அது?"

"நீங்கதான்."

பிரேக் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்ப வாங்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. ரத்து என்றால் ரத்து என்று நினைத்திருந்தாள்.

"ரத்து இல்ல அக்கா. கட்டாயம் இல்லைன்னுதான் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் எழுதறேன்னாலும் இந்த வருஷம் நடத்தியே ஆகணும். ஹால் போடணும், ரெண்டு கண்காணிப்பாளர் வேணும், வாரியத்துலருந்து அதிகாரி சீல் வெச்ச கட்டோட வரணும். அதே நாள்ல பிள்ளைங்களுக்கு ஸ்கூல் முடிக்கிற கொண்டாட்டம் வேற வெச்சுட்டேன். பேண்டுக்குச் சொல்லியாச்சு. தயவுபண்ணி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

"அதுக்கென்ன மேடம், குடுத்துடலாம். இப்ப இடது பக்கக் கண்ணாடியப் பாத்துக்கிட்டே மெதுவா பின்னாடி வாங்க."

தலைமையாசிரியை நிம்மதியாக மூச்சு விட்டு, பின்னால் வந்து, நடைபாதை மேல் ஏறி, ஒரு குப்பைத்தொட்டியை முத்தமிட்டு நின்றார். மறுபடி. இந்த முறை குப்பைத்தொட்டி தப்பியது, நடைபாதை தப்பவில்லை. மறுபடி. வியர்த்து வழிந்தது அவருக்கு. பிரேக் அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். டிரைவிங் டெஸ்டும் இனிமே வேணாம், எல்லாருக்கும் லைசென்ஸ்னு நாளைக்கே சொன்னா என்ன பண்ணுவீங்க?"

தலைமையாசிரியை யோசிக்கவே இல்லை. "ஓடிப்போய் வாங்கிக்குவேன். உங்க மூஞ்சியவே அப்புறம் பாக்க மாட்டேன்."

"வண்டி?"

"வண்டிய யாரு ஓட்டுவா? பீரோவுல லைசென்ஸ் இருக்கும். நான் பஸ்ல போவேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பிரேக் அக்கா சொன்னாள்: "எனக்கு ஏணி வரைக்கும் வந்துடுச்சு மேடம். நான் எழுதறேன்."

தலைமையாசிரியை ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். ஹாரன் அடித்தது.

வீட்டில் மகள் நம்பவில்லை. "யாருமே எழுதாத பரீட்சையா? அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் அன்றிரவே புத்தகத்தைத் தூசி தட்டி மேசையில் வைத்தவளும் அவள்தான். தனக்குப் பரீட்சை இல்லை என்றானதும் அவளுக்கு எங்கிருந்தோ பொறுமை வந்திருந்தது. எக்ஸ் என்றால் என்ன என்பதை நான்கு விதமாகச் சொன்னாள். கணவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கணக்கை அவரும் போட்டுப் பார்த்தார். விடை தப்பு. யாருக்கும் தெரியாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் பார்த்துவிட்டாள். அவள் அம்மாவுக்குக் கண்ணைக் காட்ட, இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டார்கள்.

தேர்வு நாள் காலையில் கணவரே வேலைக்குப் போகும் வழியில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டார். "பயப்படாம எழுது," என்றார். "தெரியாதத விட்டுட்டு தெரிஞ்சத மொதல்ல எழுது. நான் அப்படித்தான்..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஹாலுக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இருநூறு மேசைகள் வரிசை பிசகாமல் போட்டிருந்தன. பெயர்கள் திரும்பப் பெறப்படும் முன்பே இருக்கைத் திட்டம் வாரியத்தில் ஒப்புதல் ஆகிவிட்டதாம், மாற்ற முடியாதாம். அவளுடைய எண் கடைசி வரிசையின் கடைசி மூலை. அவள் அந்த இருநூறு மேசைகளைத் தாண்டி நடந்தபோது, செருப்புச் சத்தம் ஒரு ஊர்வலமே போவது போல எதிரொலித்தது.

வாரியத்து அதிகாரி சட்டைக் காலர் வரை பொத்தான் போட்ட மனிதர். சீல் வைத்த கட்டைத் தூக்கிக் காட்டினார். "சீல் உடையாம இருக்குன்னு தேர்வர்கள் எல்லாரும் பாத்துக்கோங்க."

தேர்வர்கள் எல்லாரும் தலையாட்டினாள்.

"மாநிலம் முழுக்க நீங்க ஒருத்தர்தான் எழுதறீங்க," என்றார் அவர். அது பாராட்டா புகாரா என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு வருகைப் பதிவை எடுத்து முதல் எண்ணிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை உயர்த்தி ஹாலைச் சுற்றிப் பார்ப்பார். "வரவில்லை" என்பார். எழுதுவார். அடுத்த எண். கண்காணிப்பாளராக நின்ற கணக்கு வாத்தியார் பத்தாவது எண்ணிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. மகளின் எண் வந்தபோது ஜன்னலுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரிக்கும் சத்தம் கேட்டது. அது யாரென்று பிரேக் அக்காவுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. கடைசியாகத் தன் எண் வந்ததும் அவள் எழுந்தே நின்று, "உள்ளேன் ஐயா," என்றாள்.

கேள்வித்தாளைத் திறந்ததும் சிரிப்பெல்லாம் வடிந்தது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பழைய பயம் திரும்பி வந்தது. வலது கால் தானாக நீண்டு தரையை மிதித்தது. இல்லாத பிரேக்கை மிதித்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு காலை எடுத்துவிட்டு முதல் கேள்வியைப் படித்தாள். தெரிந்தது. இரண்டாவதும் தெரிந்தது. மூன்றாவதில் ஒரு கார் இரண்டு ஊர்களுக்கு நடுவே மாறாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. எந்தப் பைத்தியக்காரன் வளைவில் வேகத்தைக் குறைக்காமல் போகிறான் என்று கோபம் வந்தது. கோபத்தை அடக்கி விடையை எழுதினாள்.

நடுவில் பென்சில் உருண்டு விழுந்தது. வேறு வேலையில்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கண்காணிப்பாளர்களும் ஒரே நேரத்தில் ஓடிவந்து, மேசைக்கடியில் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மைதானம் முழுக்கப் பிள்ளைகள். கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது, ஆனால் சத்தமே இல்லை. தலைமையாசிரியை நடுவில் நின்று விரலை உதட்டில் வைத்தபடி சுழன்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் ஆடினார்கள். கைதட்ட வேண்டிய இடத்தில் கையைக் காற்றில் அசைத்தார்கள். பேண்டுக்காரர்கள் குழலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்ப வைத்தார்கள், ஊதவில்லை. மேளக்காரர் குச்சியை மேளத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி நிறுத்தி அடித்தார். யாரோ ஒரு பையன் தும்மல் வந்து, முகம் சிவக்க இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினான்.

எல்லாம் தனக்காக. பிரேக் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கணக்கு வாத்தியார் அதைப் பார்த்தார். அவ்வளவுதான், அவர் ஹாலை விட்டே வெளியே போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதிகாரி மட்டும் அசையவில்லை. ஆனால் அவருடைய பாதம், மேசைக்கடியில், மேளக்காரரின் குச்சிக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

முடிந்ததும் அவள் தாளைக் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். மைதானமே அவளைப் பார்த்தது. தலைமையாசிரியை கையை உயர்த்தி இறக்கினார். அதுவரை அடக்கி வைத்திருந்த அத்தனை ஊதலும் மேளமும் கூச்சலும் ஒரே அடியாக வெடித்ததில் கூரைமேல் இருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. மகள் ஓடிவந்து அவளை இடுப்போடு கட்டித் தூக்கினாள்.

"எப்படிம்மா எழுதின?"

"ஏணி வந்துச்சுடி," என்றாள் பிரேக் அக்கா. "ஏணி வந்துச்சு."

முடிவு வெளியான அன்று மகள்தான் வாரியத்தின் பக்கத்தைக் கணினியில் திறந்தாள். தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் போடவில்லை. அந்தப் பேச்சே இனி கிடையாது. வெறும் எண் மட்டும் இருந்தது: அறுபத்தொன்று. மகள் மெல்லத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். பிரேக் அக்காவும் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"கீழ இன்னும் இருக்கு," என்று மகள் படித்தாள். "மாநிலத்தின் அதிகபட்ச மதிப்பெண், அறுபத்தொன்று. குறைந்தபட்ச மதிப்பெண், அறுபத்தொன்று. சராசரி, அறுபத்தொன்று. அம்மா, மாநிலத்துலயே நீதான் முதல். கடைசியும் நீதான். நடுவுலயும் நீயேதான் நிக்கற."

சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது. சிரிப்பு அடங்கியபோது கணவரைக் காணோம். தேடினால் மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். அவருடைய குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "கணக்குல. மாநில முதலிடம். ஆமா, என் சம்சாரம்தான்."

அடுத்த வாரம் ஒரு பத்திரிகை நிருபர் தொலைபேசியில் கூப்பிட்டார். அப்போது பிரேக் அக்கா காரில் இருந்தாள். தலைமையாசிரியை ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பப் பழகிக்கொண்டிருந்தார். அழைப்பு காரின் ஒலிபெருக்கியில் வந்தது.

"மாநிலத்துல முதல் மதிப்பெண் வாங்கினது நீங்கதானா? எப்படித் தயார் பண்ணீங்கன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?"

"ஒரு நிமிஷம் சார். முதல்ல கண்ணாடியப் பாருங்க. பின்னாடி யாரு வர்றாங்கன்னு தெரியாம கெளம்பக் கூடாது."

"அருமையா சொன்னீங்க. பயம் வந்தா என்ன பண்ணணும்?"

வண்டி பின்னால் உருளத் தொடங்கியிருந்தது. "பதறாதீங்க, நான் இருக்கேன். கிளட்ச்ச மெதுவா விடுங்க. பட்டுனு விட்டா எல்லாம் நின்னுடும்."

"சரி, சரி, எழுதிக்கறேன். இனிமே வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை?"

"எதிர்ல வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னே வெச்சுக்கோங்க," என்றாள் பிரேக் அக்கா. வண்டி நடுங்கி, யோசித்து, மேட்டில் ஏறியது. தலைமையாசிரியை சந்தோஷத்தில் பாடவே தொடங்கிவிட்டார். அந்தச் சத்தத்தில் நிருபர் நன்றி சொல்லி வைத்தது யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் பத்திரிகையில் அவளுடைய படத்துக்குக் கீழே அந்த மூன்று அறிவுரையும் அப்படியே வந்திருந்தன. கிளட்ச் உட்பட. அன்று சாயங்காலம் பாடத்துக்கு வந்த தலைமையாசிரியை கதவைத் திறந்து உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் சொன்னார். பள்ளி வாசல் பலகையில் அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் போடச் சொல்லிவிட்டாராம்.

"கிளட்ச் அங்க எதுக்குன்னு யாரும் கேக்கலையா மேடம்?"

"எல்லாரும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க," என்றார் தலைமையாசிரியை, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "கணக்கு வாத்தியாரு மட்டும் இன்னும் வெளிய நின்னு முகம் கழுவிக்கிட்டு இருக்காரு."